துண்டுக்குள் சொன்ன விலை

ஜூன் 3, திங்கள்

கோயம்புத்தூர் போய் வந்தோம். அப்பாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினார். உதடு சரியாக மூடாததால் காற்று ஓரமாகப் போய்விட்டது. பரிசோதனை செய்த பெண் "இன்னும், இன்னும், இன்னும், விடாதீங்கய்யா" என்று கபடி விளையாட்டில் கத்துவதுபோலக் கத்தினாள். ஊதி முடித்ததும் அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார், நன்றாகச் செய்துவிட்டவர்போல. அவள் கணினித் திரையை என் கண்ணில் படாமல் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் இந்துமதி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நரம்பு நோய் ஒன்றரை வருடமாக நாக்கிலும் கையிலும் இருந்தது, பேச்சை நிறுத்தியதும் அதுதான். இப்போது மூச்சு இழுக்கும் தசைக்கு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுவதும் காலையில் தலை வலிப்பதும் அதனால்தான். இனி மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட்டு, ஒரு சின்ன இயந்திரத்தால் காற்றை உள்ளே தள்ளலாம். முதலில் தூங்கும்போது மட்டும், போகப் போகப் பகலிலும். அது போதாமல் போகும் நாள் வரும். அப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து வெண்டிலேட்டரோடு இணைத்தால் வருடக்கணக்கில்கூட இருக்கலாம். ஆனால் நோய் நிற்காது. கை, கால், முகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். சளியை உறிஞ்சி எடுக்க ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். இரண்டுமே வேண்டாம், திணறல் தெரியாமல் இருக்க மருந்து மட்டும் போதும் என்றும் சொல்லலாம்.

"எதுவும் தப்பில்லை. ஆனா அவர் என்ன நினைக்கிறார்னு எனக்குத் தெரியணும். திடீர்னு மூச்சு நின்னு தூக்கிட்டு வந்தா, யாரும் கேட்டுட்டு இருக்க மாட்டாங்க, குழாயை விட்டுருவாங்க. அதுக்கு முன்னாடி கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அடுத்து வர வேண்டியது 27ஆம் தேதி.

டாக்டர் தமிழில்தான் பேசினார். இருந்தாலும் அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்படியென்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே பீரோவில் இருக்கிறது. அதனால் மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம், இப்போது இந்த நோய், எல்லாமே என் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. பஸ்ஸில் அம்மா கேட்டாள். "ஏன் ரேணு, அந்தக் குழாய் வெச்சா இருப்பாரு, அப்படித்தான?" நான் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

சந்தை நாள். அப்பா காலையிலேயே சட்டை போட்டுவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். போட்டுவிட்டேன். பொள்ளாச்சிச் சந்தையில் இருபத்தெட்டு வருடமாக மாட்டுத் தரகர். சென்னியப்பன் என்றால் யாருக்கும் தெரியாது, 'பல்லு சென்னி' என்றால் தெரியும். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமலே அதன் வயதைச் சொல்லிவிடுவாராம். பத்து மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுல்தான் பாய் மாமா வரவில்லை. பக்ரீத் வருகிறது, கூட்டாளி இல்லாமல் இரண்டு பேர் வேலையையும் அவர் ஒருவரே செய்கிறார்.

பதினோரு மணிக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

ஜூன் 5, புதன்

இயந்திரம் வந்தது, வாடகைக்கு. கொண்டுவந்தவர் மாட்டிக் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காளைக்கு வாய்க்கூடு போட்டாப்பல இருக்குது" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து மாஸ்க்கின் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று பீறிட்டது. பிறகு இடது கையைத் தூக்கிக் கழற்றிவிட்டார். அந்தக் கைதான் இன்னும் கொஞ்சம் வேலை செய்கிறது. இருபது நிமிடம்.

மாலையில் மறுபடியும். பதினைந்து நிமிடம்.

ஜூன் 7, வெள்ளி

பெரியப்பா வந்தார். நான் அடுப்படியில் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"இங்க பாரு சென்னி. கழுத்துல ஓட்டை போட்டு வெச்சா அது பொழப்பா? நம்ம ஆத்தா எப்பிடிப் போச்சு, சும்மா தூங்கறாப்பல. அப்பிடிப் போகோணும். நான் சொல்றது செரிதான?"

எட்டிப் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டினார். நன்றாக, இரண்டு முறை.

பெரியப்பா போனதும் அம்மா போய் முன்னால் உட்கார்ந்தாள். "உங்கண்ணன் ஆயிரஞ் சொல்லுவாரு, அவருக்கென்ன. குழாய் வெச்சுக்கலாமுங்க. நான் பாத்துக்கறேன். ஒரு ராத்திரி கண்ணு மூடாம இருந்தா செத்தா போயிருவேன்? செரிதான?"

அப்பா தலையை ஆட்டினார். அதே மாதிரி, இரண்டு முறை.

ஜூன் 8, சனி

ஒன்றும் இல்லை. மாஸ்க் இருபத்தைந்து நிமிடம்.

ஜூன் 10, திங்கள்

கயிறு கம்பெனியில் இன்னும் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டேன். மேனேஜரிடம் நேரில் பேச வாய் வரவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். படித்துப் பார்த்தவர், "ஏம்மா, இதை வாயிலயே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைச் சோதித்துப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது. "மாஸ்க் மட்டும் போதுமாப்பா?" தலையாட்டினார். துணி மடிப்பதுபோல இருந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "குழாய் வெச்சுக்கலாமாப்பா?" அதற்கும் தலையாட்டினார். "ரெண்டும் வேண்டாமாப்பா?" என்றபோது என்னைப் பார்த்த பார்வையில், நீ எந்தப் பக்கம் என்று சொல், அதற்குத் தகுந்தபடி ஆட்டுகிறேன் என்பதுபோல இருந்தது.

தரகர் அப்படித்தான். விற்க வந்தவரிடம் மாட்டைப் புகழ்வார், வாங்க வந்தவரிடம் உங்கள் கண் தப்பாது என்பார். யாரையும் எதிர்த்துப் பேசி அப்பா சம்பாதித்ததில்லை.

எழுத்து அட்டை ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், அ முதல் ன வரை. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினால் அவர் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அட்டையை எடுத்தாலே வாத்தியாரைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் கஞ்சி புரையேறிவிட்டது. முகம் கருத்து, கண் பிதுங்கி, ஐந்து நிமிடமா பத்து நிமிடமா தெரியவில்லை. அம்மா முதுகைத் தட்டினாள். நான் 108க்குப் போன் போட்டு, எடுத்தவரிடம் ஊர் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றேன். அதற்குள் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது. போனில் இருந்தவர் "ஹலோ, சொல்லுங்க, எந்த ஊரு, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாள் முழுவதும் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரர்கள் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குறிப்பு அச்சிட்டிருக்கிறது. இன்றைய பக்கத்தில்: 'கன்று பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை அகற்றவும்.'

27க்கு இன்னும் பதின்மூன்று நாள்.

ஜூன் 18, செவ்வாய்

மாஸ்க் பதினைந்து நிமிடம். குறைந்துகொண்டே வருகிறது.

ஜூன் 20, வியாழன்

சுல்தான் பாய் மாமா வந்தார். பண்டிகை முடிந்த கையோடு தூக்குப் போசியில் பிரியாணி. அப்பாவால் விழுங்க முடியாது என்பது வாசலில்தான் அவருக்கு நினைவு வந்தது. போசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்பா மூக்கை உறிஞ்சிக் காட்டினார். "மோப்பம் மட்டும் போகல பாரு பல்லனுக்கு" என்று மூடியைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டும். பாய் மாமா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் இடது கைமேலும் தன் கைமேலும் விரித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்பா காலண்டரைப் பார்த்தார், பாய் மாமா மின்விசிறியைப் பார்த்தார். துண்டுக்குள் ஏதோ அசைந்தது.

"செவல, ரெண்டாம் ஈத்து, கேரளாக்காரன் வாங்கினான். நம்ம கோபாலு மாடு. எத்தனைக்குப் போயிருக்கும், சொல்லு."

துண்டு அசைந்தது.

"அட இவனே! வீட்ல உக்காந்துட்டு எப்பிட்றா?"

சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள் என்று தெரியும். சுற்றி நிற்பவர்கள் காதில் விழக் கூடாது என்பதற்காகத் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பெண்பிள்ளைகள் சந்தைக்குப் போவதில்லை என்பதால் நான் பார்த்தது இல்லை. இவ்வளவு பேச்சு நடக்கும் என்று நினைக்கவே இல்லை. கால் மணி நேரம் பேசினார்கள். அப்பாவின் முகத்தில் தலையாட்டுகிற அந்தக் களை இல்லை. வேறு யாரோபோல, கறாராக இருந்தார்.

பாய் மாமாவிடம் ஒன்று கேட்க நினைத்தேன். பைக்கைக் கிளப்பும்வரை கூடவே நடந்தேன். "என்ன கண்ணு?" என்றார். "பிரியாணி நல்லாருந்துங்க" என்றேன். நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

கேட்டுவிட்டேன். பாய் மாமாவிடம் இல்லை. அப்பாவிடமே.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பாவின் கைமேல் துண்டை விரித்து, உள்ளே என் கையை வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "குழாய் வெச்சுக்கலாமாப்பா?" என்றேன்.

பிறகு அவர் விரல்கள் மெல்ல ஊர்ந்துவந்து என் கையைப் பிடித்தன. ஒரு விரலை அல்ல, ஐந்து விரலையும் சேர்த்து. இவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விடவே இல்லை. வளர்ந்த பிறகு அப்பா என் கையைப் பிடித்ததாக நினைவில்லை. நான் அழுதுவிட்டேன்.

ஆமாம் என்றுதானே அர்த்தம். ஆமாம்தான். வேண்டாம் என்பவர் எதற்குப் பிடிக்க வேண்டும்.

அம்மா வந்ததும் சொன்னேன். அரிசிப் பையை அப்படியே போட்டுவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நானே பேசினேன். டாக்டர், "நல்லா யோசிச்சுத்தான் சொன்னாரா?" என்று கேட்டார். "ஆமாங்க டாக்டர்." 27ஆம் தேதி வந்து பேசிவிட்டு, ஜூலை 3 அட்மிஷன் என்று முடிவாயிற்று.

எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கிறது. இருந்தாலும் ஏன் இப்படிக் கால் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா உள் அறையைக் காலி செய்தாள். தீவன மூட்டை, பழைய மூக்கணாங்கயிறு, சலங்கை, எல்லாம் வெளியே. அந்த இடத்தில் கட்டில் வரும், தலைமாட்டில் வெண்டிலேட்டர், இந்தப் பக்கம் இன்வெர்ட்டர் என்று அவளே சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். "பகலுக்கு நான், ராத்திரிக்கு நீ. மாத்தி மாத்தி. என்ன பெரிய காரியம்?" என்றாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகிவிட்டது. அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைச் சாப்பிட வைத்தேன். துண்டை எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும், அதுதான் கேட்டாயிற்றே.

ஜூன் 25, செவ்வாய்

பாய் மாமா சந்தை முடிந்து வந்தார். கோடு போட்ட அறையைப் பார்த்து என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா காலண்டரைப் பார்த்தார். பாய் மாமா வெளியே வந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவன் சொன்னானா? எப்பிடிச் சொன்னான்?"

"துண்டுக்குள்ளங்க மாமா. கேட்டேன். கையைப் பிடிச்சார்."

"எப்பிடிப் பிடிச்சான்? இந்தா, என்ற கையில காட்டு."

காட்டினேன். ஐந்து விரலையும் சேர்த்து. அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அடக் கண்ணு. அது அஞ்சு."

எனக்குப் புரியவில்லை.

"ஒத்த வெரலப் பிடிச்சா ஒண்ணு. ரெண்டு பிடிச்சா ரெண்டு. மொத்தமாப் பிடிச்சா அஞ்சு. சம்மதம்னா கையக் குலுக்கிக் கீழ அழுத்துவோம். வேண்டாம்னா வெரலை விட்டுருவோம். துண்டுக்குள்ள கேட்டா அவன் ஆமா இல்லைன்னு சொல்ல மாட்டான் புள்ள, தொகை சொல்லுவான். உனக்கு அவன் அஞ்சுன்னு சொல்லியிருக்கான்."

"அஞ்சு... என்னங்க?"

"அதைத்தான நீ கேட்டிருக்கோணும்? நூறா ஆயிரமான்னு கேக்காம வெலை பேசுவாங்களா யாராச்சும்?"

"நீங்க கேட்டுச் சொல்லுங்க மாமா."

அவர் வேகமாக இல்லையென்று தலையை ஆட்டினார். "நான் கேக்க மாட்டேன். துண்டுக்குள்ள ரெண்டு கைதான். உங்கிட்டச் சொன்னதை நீதான் பேசி முடிக்கோணும்." பைக்கில் ஏறியவர் திரும்பிச் சொன்னார். "மொதல்ல சொல்ற வெலைல எவனும் நிக்க மாட்டான். உங்கப்பன் சுத்தமா நிக்க மாட்டான். பேசு. மூஞ்சிய மட்டும் பாக்காத, தோத்துருவே."

ஐந்து. உள் அறைக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், மறுபடி உள் அறைக்கு வந்தேன். கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன். டாக்டரிடம் ஆமாம் என்று சொன்னது நான். அவர் கையைப் பிடித்ததும் எது எனக்கு வேண்டுமோ அதையே படித்துவிட்டேன்.

இல்லை, அப்படி இல்லை. தெரியாமல் நடந்தது.

ஜூன் 26, புதன்

அம்மாவைப் பால் சொசைட்டிக்குப் போகச் சொன்னேன். "இந்நேரத்துல என்னத்துக்குடி?" என்றாள். "போங்கம்மா" என்றேன். போனாள்.

துண்டை விரித்தேன். சுவரைப் பார்த்தேன். "அஞ்சுன்னு சொன்னீங்கப்பா. எனக்கு அன்னைக்குப் புரியல. வருஷமா?"

கை அசையவில்லை.

"மாசமா?"

அழுத்தினார்.

"குழாயோடயா?"

விரல்கள் விட்டுப்போயின. கை துண்டின் ஓரத்துக்கே நகர்ந்துவிட்டது. கேட்ட கேள்வியை நான் எடுத்துக்கொள்ளும்வரை அது திரும்பி வராது என்று தெரிந்தது. வியாபாரத்தைவிட்டு எழுந்துபோவது என்றால் இதுதான்போலிருக்கிறது.

"சரிப்பா. குழாய் இல்ல. மாஸ்க்கோடயா?"

ரொம்ப நேரம். பிறகு கை வந்தது. ஐந்து விரலையும் பிடித்தது. ஐந்து மாதம். அந்த வாய்க்கூட்டை ஐந்து மாதம் போட்டுக்கொள்கிறேன், அதற்குமேல் கேட்காதே.

நான் அவர் கையை மொத்தமாகப் பிடித்தேன். விட்டு, மறுபடி மொத்தமாகப் பிடித்தேன். பத்து.

விட்டுவிட்டார்.

ஐந்தும் நாலும் பிடித்தேன். விட்டுவிட்டார். பிறகு அவரே என் கை முழுவதையும் பிடித்து, விட்டு, ஒற்றை விரலைப் பிடித்தார். ஆறு. ஐந்தும் மூன்றும் பிடித்தேன். அவர் திரும்பவும் ஆறு. அப்பாவின் மூச்சு கேட்டது, சின்னச் சின்னதாக. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சுவரில் ஊர்ந்த எறும்பையே பார்த்தேன். ஐந்தும் இரண்டும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். விடவில்லை. அவரும் விடவில்லை. வெளியே பால் வண்டி போனது, அம்மா யாரிடமோ பேசும் சத்தம் வாசலில் கேட்டது.

என் கையைக் குலுக்கிக் கீழே அழுத்தினார்.

ஏழு.

அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. வாய்க் கோணலில் ஒரு சிரிப்பும் இருந்தது, ஏமாந்த வியாபாரியைப் பார்க்கிற சிரிப்பு. நான் கணிதம் படித்தவள். பத்தில் ஆரம்பித்திருக்கக் கூடாது.

அப்பாவோடு இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

ஜூன் 27, வியாழன்

ஆஸ்பத்திரி. எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தாளை டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே சொல்லு ரேணு, அம்மாவும் கேக்கட்டும்" என்றார்.

சொன்னேன். துண்டை, ஐந்தை, நான் தப்பாகப் புரிந்துகொண்டதை, குழாய் என்றதும் கையை எடுத்துக்கொண்டதை, ஏழை. சொல்லும்போது குரல் எங்கெங்கோ போயிற்று, ஆனால் நிற்கவில்லை. அம்மா இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஏழு மாசம்னு நோய்க்குத் தெரியாதும்மா. கூடலாம், குறையலாம். நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா இத்தனை நாளைக்கு மாஸ்க் போட்டுப் பாக்கறேன், பிறகு மறுபடி கேளுங்கன்னு ஒரு நோயாளி சொல்றதுதான் நாங்களும் எதிர்பார்க்கிறது. நடுவுல மனசு மாறினாலும் மாறலாம். அப்பவும் கேக்கணும்." அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, இவ சொல்றது சரியா?" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். இரண்டு முறை. அந்தத் தலையாட்டலை வைத்து யாரும் எதையும் நம்ப முடியாதே.

டாக்டர் அம்மாவையும் பார்த்தார். "அட்மிஷன் தேதி அப்படியே இருக்கட்டும். வீட்ல எல்லாரும் ஒரு முடிவா இருந்தா திங்கட்கிழமை போன் பண்ணி ரத்து பண்ணுங்க" என்றார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கிணத்துக்கடவு தாண்டித்தான் வாயைத் திறந்தாள்.

"நீ படிச்சவ. உனக்குச் சௌகரியமா எதையாச்சும் பிடிச்சிருப்பே, அழுத்தியிருப்பே. ராத்திரி முழிச்சிருக்கோணும்னு பயம் உனக்கு."

அந்தப் பயம் எனக்கு இருந்தது. பொய் சொல்ல முடியாது.

"இருபத்தாறு வருசம் ஆச்சு கண்ணாலமாகி. எங்கிட்ட ஒரு நாள் அவரு துண்டு விரிச்சதில்ல. உங்கிட்ட எப்பிடிச் சொல்லுவாரு?"

ஜூன் 28, வெள்ளி

அம்மா சமைக்கவில்லை. பழைய சோறு.

ஜூன் 29, சனி

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து வரவா என்றேன். "நீ போ அங்குட்டு" என்றாள். முந்தானையை எடுத்து இரண்டு கையையும் மூடினாள்.

நான் கொல்லையில் போய் நின்றேன். நிற்கவில்லை, நடந்தேன். ஜன்னல் வழியாக ஒரு முறை பார்த்தேன். அம்மாவுக்குத் துண்டுப் பேச்சின் சட்டம் ஒன்றும் தெரியாது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் கேட்டுக்கொண்டே விரலையும் பிடித்தாள். "அதென்ன கணக்கு? என்னங்க இது, எச்சக் கையில காக்கா ஓட்டாத மாதிரி? இன்னொருக்காப் பிடிங்க." அவள் கோபித்துக்கொள்வது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. முந்தானை மட்டும் அசைந்தது. மறுபடி எட்டிப் பார்த்தபோது அம்மா தன் நெற்றியை மூடிய கைகளின்மேல் வைத்துக் குனிந்திருந்தாள். அப்பா இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து அடுப்படிக்கு வந்தாள். வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"குழாய் வேண்டாங்கறாரு" என்றாள்.

நான் பூண்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"நீ எத்தனைல ஆரம்பிச்சே?"

"பத்து."

"லூசுக் கழுத. இருபதுல ஆரம்பிச்சிருக்கோணும்."

"உங்களுக்கு எத்தனைம்மா சொன்னார்?"

"அது எனக்குச் சொன்னது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம். "உன்றதைவிடச் சாஸ்தி. அவ்வளவுதான்."

மத்தியானம் அவளே மாஸ்க்கை மாட்டினாள். சாக்பீஸ் கோட்டை ஈரத் துணியால் துடைத்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம். அப்பா கழற்றவில்லை. ஒரு முறை கை தூக்கினார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கை இறங்கிவிட்டது.

ஜூலை 1, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எழுதி வைத்துக்கொள்ளாமலே.

அட்மிஷன் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். மூன்றாம் தேதி சென்னியப்பன் என்பவருக்குக் குறித்திருப்பதை ரத்து செய்ய வேண்டும் என்றேன். அவள் தேடிக் கண்டுபிடித்தாள்.

"காரணம் போடணுங்க. தேதி மாத்தறீங்களா?"

"இல்லீங்க. வேண்டாம்னு சொல்லிட்டார்."

"யாரு, டாக்டரா?"

"நோயாளி."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "பேஷண்டுக்குப் பேச்சு வராதுன்னு ஃபைல்ல போட்டிருக்கு. யார் சொன்னதுன்னு போடட்டும்? உங்க பேரா, அம்மா பேரா?"

"அவர் பேரையே போடுங்க" என்றேன். "எங்கிட்ட ஒரு தடவை சொன்னார். எங்கம்மாகிட்டயும் சொன்னார்."